கூரைமேற் கதிரொளி மின்கம்பிகளின் காப்பு

கதிரொளியை மின்னாக்கும் தகடுகள் இன்று பெருங்கடைகளின் கூரைகளில் நிறைந்துள்ளன. அவற்றின் கம்பிகளைக் காக்குமாற்றை ஈண்டு ஆராய்வாம்.

தகடொன்றில் எழும் மின்னழுத்தம் சிறிதே. பல தகடுகளைத் தொடராக இணைப்புழி அஃது 1000 வோல்ட்டு வரை உயரும். நம் வீட்டு மின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியை அடைதலின் அதன் பொறி எளிதில் அவியும். தகடுகள் தருவதோ ஒருதிசை மின்னோட்டம்; அதன் பொறி அறாது எரியும்.

2009-ஆம் ஆண்டு ஏப்ரலில், கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்பீல்டு நகரில் ஒரு பெருங்கடையின் கூரைமீது தீ எழுந்தது. நிலத்தோடு இணைந்த பக்கத்து மெல்லிய கம்பியொன்று உறை சிதைந்து உலோகத்தைத் தொட்டிருந்தது. கசிவு சிறிதாதலின் பியூஸ் என்னும் உருகுகம்பி அதனை உணர்ந்திலது. பின்னர்ப் பெருங்கம்பியொன்றும் உலோகத்தைத் தீண்டிற்று. உருகுகம்பி அறுந்தது, ஆயினும் முதற்பழுதே மாற்று வழியாயினமையின், பெருமின்னோட்டம் அதனூடு பாய்ந்து மெல்லிய கம்பியைக் கனலச் செய்தது.

இதனின்று நாம் அறிவன யாவை? குழாய்கள் வெயிலில் நீண்டு குளிரிற் சுருங்குமாதலின், அவற்றிற்கு நெகிழும் இணைப்பு வேண்டும். கம்பிகள் கூரிய விளிம்பில் உராய்தலாகாது. உறையின் மின்தடையைக் காலந்தோறும் அளத்தல் வேண்டும்.

பகலில் தகடுகளின் மின்னாக்கத்தை நிறுத்தல் அரிது. தீயணைக்க ஏறுவார்க்கு அதுவே பேரிடர். ஆதலின், நிறுத்துவிசை இயங்கிய 30 நொடிக்குள், தகட்டுத் தொகுதிக்கு வெளியே செல்லும் கம்பிகளின் அழுத்தம் 30 வோல்ட்டிற்கு மிகாது தாழ்தல் வேண்டுமென 2017-ஆம் ஆண்டின் அமெரிக்க மின்விதி பணித்தது.

சிறு பழுதை இகழாமையே பெருங்காப்பு என்பதை நாம் உணர்வோமாக.