ஆராய்ச்சி மானியமும் அயல்நாட்டுத் தொடர்பும்: அமெரிக்க அனுபவம் தரும் பாடம்

ஓர் அரசு தன் நாட்டுப் பல்கலைக் கழகங்களுக்கு அளிக்கும் ஆராய்ச்சி நிதி மக்களின் வரிப்பணமாகும். அந்நிதியைப் பெறும் ஆய்வுக்கூடம், போட்டி நாடு ஒன்றுடனும் ஆராய்ச்சி உறவு கொண்டிருக்குமானால் அரசு என்ன செய்வது? நிதியை நிறுத்துவதா, நிபந்தனை விதிப்பதா, தலையிடாமல் விட்டுவிடுவதா? அண்மை ஆண்டுகளில் பல நாடுகளில் எழுந்துள்ள இக்கேள்வி, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மிக விரிவாக விவாதிக்கப்பட்டுச் சட்ட வடிவமும் பெற்றுள்ளது. சீனாவுடனான கல்வித் தொடர்புகள் குறித்து அந்நாடு மேற்கொண்ட நடவடிக்கைகள், நிதி நிபந்தனை என்னும் கருவியின் வலிமையையும் வரம்பையும் ஒருங்கே காட்டுகின்றன. நிர்வாகத் துறையில் உள்ளோரும் பொருளாதார மாணவர்களும் இதிலிருந்து அறிய வேண்டியவை பல.

நிதியே நெம்புகோல்

2023-ம் நிதியாண்டில் அமெரிக்க உயர்கல்வி நிறுவனங்கள் ஆராய்ச்சிக்காகவும் அபிவிருத்திக்காகவும் சுமார் 10,880 கோடி டாலர் செலவிட்டன. இதில் ஏறத்தாழ 55 சதவீதம் கூட்டாட்சி அரசிடமிருந்து கிடைத்தது. தேசிய சுகாதார ஆராய்ச்சி நிலையங்கள், தேசிய விஞ்ஞான அறக்கட்டளை, பாதுகாப்புத் துறை, விண்வெளி நிறுவனமான நாசா முதலியவை இந்நிதியை வழங்கும் முக்கிய அமைப்புகள்.

அமெரிக்கப் பல்கலைக் கழகங்கள் மாநில அரசுகளாலோ தனியார் அறக்கட்டளைகளாலோ நடத்தப்படுபவை. பாடத்திட்டத்தையோ ஆசிரியர் நியமனத்தையோ வாஷிங்டன் நேரடியாக நிர்ணயிப்பதில்லை. ஆகவே, பல்கலைக் கழகத்தின் அயல்நாட்டு உறவை மாற்ற விரும்பும் கூட்டாட்சி அரசுக்கு மிக எளிதில் எட்டும் வழி, மானியத்துடன் நிபந்தனையை இணைப்பதேயாகும். செலவின் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வரும்போது அந்நிபந்தனையை மறுக்கும் துணிவு எந்த நிறுவனத்துக்கும் எளிதில் வராது.

கூட்டுறவு தந்த பயன்

1979-ம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவும் சீனாவும் விஞ்ஞான, தொழில்நுட்ப ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. இதனால் சீனாவுக்கு மட்டுமே ஆதாயம் கிடைத்தது என்ற கருத்து சரியன்று. ஓர் உதாரணத்தைக் கூறலாம். கருவில் முதுகுத்தண்டும் மூளையும் சரிவர உருவாகாமற்போகும் குறைபாட்டைப் போக்க, அமெரிக்க நோய்த் தடுப்பு மையமும் பெய்ஜிங் மருத்துவப் பல்கலைக் கழகமும் இணைந்து ஆய்வு நடத்தின. சீனாவில் சுமார் இரண்டரை லட்சம் பெண்களைக் கொண்டு நடந்த இவ்வாய்வின் முடிவுகள் 1999-ம் ஆண்டில் வெளிவந்தன. கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்கித் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொண்டவர்களிடையே, இக்குறைபாடு மிகுந்திருந்த வடபகுதியில் 79 சதவீதமும் தென்பகுதியில் 41 சதவீதமும் அது குறைந்தது. ஒரு சிறு மாத்திரையால் பிறவி ஊனத்தைத் தடுக்கலாம் என்ற இவ்வுண்மை உலகம் முழுவதற்கும் பயன்பட்டது. இத்தனை பெரிய ஆய்வை அமெரிக்கா தனித்து நடத்தியிருப்பது அரிது.

ஐயம் எழுந்த வரலாறு

போட்டி நாட்டுக்கு அறிவு கசிந்துவிடும் என்ற கவலை புதியதன்று. சோவியத் ஒன்றியத்துடன் பனிப்போர் நிலவிய காலத்திலேயே இக்கேள்வி எழுந்தது. 1982-ம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகம் அமைத்த குழு இதனை ஆராய்ந்தது. பல்கலைக் கழகங்கள் வழியாக ஏற்படும் கசிவு மொத்தக் கசிவில் சிறு பகுதியே என்றும், பாதுகாக்க வேண்டிய துறைகளைக் குறுக்கி அவற்றைச் சுற்றி மட்டும் உயர்ந்த மதில் எழுப்புவதே அறிவுடைமை என்றும் அக்குழு கருதியது. இதையொட்டி 1985-ம் ஆண்டு செப்டம்பரில் ஜனாதிபதி ரீகனின் ஆணை வெளிவந்தது. அடிப்படை ஆராய்ச்சியின் முடிவுகள் இயன்றவரை கட்டுப்பாடின்றி இருக்க வேண்டும். பாதுகாப்பு கருதிக் கட்டுப்பாடு தேவைப்பட்டால் அதனை முறைப்படி ரகசியமென வகைப்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். இக்கொள்கை 2001-ம் ஆண்டிலும் உறுதி செய்யப்பட்டது.

சீனாவைப் பொறுத்தவரை சூழ்நிலை பல வகைகளில் வேறுபட்டது. சோவியத் ஒன்றியத்துடன் அமெரிக்க ஆய்வுக்கூடங்களுக்கு இருந்த தொடர்பு மிகக் குறைவு. சீனாவுடனோ ஆயிரக்கணக்கான ஆராய்ச்சியாளர்களும் மாணவர்களும் இணைந்து பணியாற்றினர். 2008-ம் ஆண்டில் சீனா தொடங்கிய ‘ஆயிரம் அறிஞர் திட்டம்’ வெளிநாட்டில் பணிபுரியும் விஞ்ஞானிகளுக்கு ஊதியமும் ஆய்வுக்கூடமும் அளிக்க முன்வந்தது. 2017-ம் ஆண்டின் சீன தேசியப் புலனாய்வுச் சட்டம், நிறுவனங்களும் குடிமக்களும் அரசின் புலனாய்வுப் பணிக்கு ஒத்துழைக்க வேண்டும் என விதித்தது.

2018-ம் ஆண்டு ஆகஸ்டில் தேசிய சுகாதார ஆராய்ச்சி நிலையங்கள், தம்மிடம் மானியம் பெறும் நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதி மூன்று குறைகளைச் சுட்டிக்காட்டின. கண்டுபிடிப்புகள் திசை திருப்பப்படுதல், மதிப்பீட்டுக்கு வந்த ரகசிய விண்ணப்பங்கள் பிறருக்கு வெளியிடப்படுதல், வெளிநாட்டு நிதியை ஆராய்ச்சியாளர் மறைத்தல் என்பன அவை. நிறுவனங்களின் நடத்தையிலும் குறை இருந்தது. ஆண்டில் 2,50,000 டாலரோ அதற்கு மேலோ அயல்நாட்டு நன்கொடையும் ஒப்பந்தத் தொகையும் பெற்றால் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1986-ம் ஆண்டு முதலே உண்டு. ஆயினும் 650 கோடி டாலர் உரிய காலத்தில் தெரிவிக்கப்படாதிருந்ததைக் கல்வித் துறையின் விசாரணைகள் வெளிக்கொணர்ந்ததாக 2020-ம் ஆண்டு அறிக்கை கூறியது. எனவே, அரசின் கவலை ஆதாரமற்றது எனத் தள்ளிவிட முடியாது.

மேற்கொண்ட நடவடிக்கைகள்

முதலாவதாக, 2011-ம் ஆண்டில் நாசாவின் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஒரு விதி சேர்க்கப்பட்டது. சீன அரசுடனோ அதன் நிறுவனங்களுடனோ இருதரப்புப் பணிகளுக்கு நாசா நிதியைத் தக்க அனுமதியின்றிப் பயன்படுத்தலாகாது என்பது அவ்விதி. இரண்டாவதாக, 2018-ம் ஆண்டு ஆகஸ்டில் நிறைவேறிய பாதுகாப்புச் சட்டம், சீன அரசின் ஆதரவுடன் மொழியும் பண்பாடும் கற்பிக்கும் கன்பூசியஸ் நிலையங்களைக் கொண்ட பல்கலைக் கழகங்களுக்குப் பாதுகாப்புத் துறையின் சீன மொழிப் பயிற்சி நிதியைத் தடை செய்தது. மூன்றாவதாக, 2022-ம் ஆண்டின் ‘சிப்ஸ் மற்றும் விஞ்ஞானச் சட்டம்’, தீய நோக்குடைய அயல்நாட்டு அறிஞர் சேர்ப்புத் திட்டங்களில் பங்கு பெறுவோருக்குக் கூட்டாட்சி ஆராய்ச்சி நிதியை மறுத்தது. சீனா, ரஷ்யா, ஈரான், வட கொரியா ஆகிய நான்கும் கவலைக்குரிய நாடுகளாகக் கொள்ளப்பட்டன. அயல்நாட்டு நன்கொடையைத் தெரிவிக்கும் விதியைக் கண்டிப்புடன் அமல் செய்யவும், தவறுவோரின் மானியத்தை நிறுத்தவும் வகை செய்யும் ஜனாதிபதி ஆணை 2025-ம் ஆண்டு ஏப்ரலில் பிறந்தது.

விளைவுகள்

இந்நடவடிக்கைகளின் வலிமைக்குக் கன்பூசியஸ் நிலையங்களின் கதையே சான்று. 2019-ம் ஆண்டில் அமெரிக்காவில் சுமார் 100 நிலையங்கள் இயங்கின. 2023-ம் ஆண்டில் ஐந்துக்கும் குறைவானவையே எஞ்சின. எந்தச் சட்டமும் அவற்றை மூடும்படி கட்டளையிடவில்லை. ஒரு புறம் மொழி வகுப்புக்கான சிறு உதவி. மறு புறம் பாதுகாப்புத் துறையின் பெருநிதி. இரண்டையும் ஒப்பிட்ட பல்கலைக் கழகங்கள் தாமாகவே முடிவெடுத்தன.

விதியைவிட அதன் நிழல் நீண்டுவிடுவதும் உண்டு. 2013-ம் ஆண்டில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் நடைபெறவிருந்த வானியல் மாநாட்டுக்குச் சீனக் குடிமக்கள் அனுமதிக்கப்படவில்லை. விதி இருதரப்புப் பணிகளுக்கே பொருந்தும், பல நாட்டினர் கூடும் மாநாட்டுக்கு அன்று என்று அவ்விதியை இயற்றிய உறுப்பினரே விளக்கிய பின்னரே தடை நீங்கியது. அஞ்சிய அலுவலர் சட்டம் கேட்டதற்கும் மேலே சென்றுவிட்டார் என்பதே இதன் பொருள்.

2018-ம் ஆண்டு நவம்பரில் நீதித் துறை தொடங்கிய ‘சீன முனைப்புத் திட்டம்’ இதனைவிடக் கடுமையான பாடம் தருகிறது. ஹார்வர்டு பேராசிரியர் சார்லஸ் லீபர், சீனத் தொடர்பு பற்றிப் பொய்யுரைத்ததற்காகவும் வரிக் குற்றங்களுக்காகவும் 2021-ம் ஆண்டு டிசம்பரில் குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்டார். ஆனால் 2021-ம் ஆண்டு ஜனவரியில் கைதான மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் காங் சென் மீதான வழக்கை, நிரூபிக்க இயலாதெனக் கூறி அரசே ஓராண்டுக்குப் பின் கைவிட்டது. 2022-ம் ஆண்டு பிப்ரவரியில் அத்திட்டமே முடிவுக்கு வந்தது.

அதன் தாக்கம் அத்துடன் முடியவில்லை. அமெரிக்கப் பல்கலைக் கழகங்களில் பணியாற்றும் சீன வம்சாவளி விஞ்ஞானிகள் சுமார் 1,300 பேரிடம் எடுக்கப்பட்டு 2023-ம் ஆண்டில் வெளிவந்த ஆய்வில், 72 சதவீதத்தினர் ஆராய்ச்சியாளர் என்ற முறையில் தாம் பாதுகாப்பாக உணரவில்லை என்றனர். முன்னர்க் கூட்டாட்சி மானியம் பெற்றவர்களில் 45 சதவீதத்தினர் இனி அதற்கு விண்ணப்பிப்பதைத் தவிர்க்க விரும்பினர். இவ்வெண் ஊன்றிக் கவனிக்கத் தக்கது. மானியத்தைப் பெறுபவர் மீதே நிபந்தனை செல்லும். திறமையுள்ளவர் மானியத்தையே நாடாவிட்டால் அரசின் பிடி தளர்கிறது. நாடும் அவரது உழைப்பை இழக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2020-ம் ஆண்டில் சீனாவின் சாங்-இ 5 கலம் நிலவிலிருந்து 1,731 கிராம் மண்ணும் கல்லும் கொண்டுவந்தது. அம்மாதிரிகளுக்கு நாசாவின் நிதி பெறும் விஞ்ஞானிகளும் விண்ணப்பிக்கலாம் என 2023-ம் ஆண்டில் அனுமதி அளிக்கப்பட்டது. 2025-ம் ஆண்டில் பிரௌன், ஸ்டோனி புரூக் ஆகிய இரு அமெரிக்கப் பல்கலைக் கழகங்களுக்கு அவற்றைக் கடனாகத் தரச் சீனா இசைந்தது. விலக்கு அளிக்கும் வாயில் ஒன்று விதியிலேயே இருந்ததால்தான் இது இயன்றது.

இரு வகைப் பிழைகள்

இப்பிரச்சினையைப் பொருளாதார நோக்கில் காண்போமாயின், அரசு இரு வகைப் பிழைகளைச் செய்யக்கூடும். தடுக்க வேண்டிய உறவை அனுமதித்துவிடுவது ஒன்று. அனுமதிக்க வேண்டிய உறவைத் தடுத்துவிடுவது மற்றொன்று. முதற்பிழை வெளிப்படும்போது பத்திரிகைகளில் செய்தியாகிறது; கோப்பில் கையெழுத்திட்ட அதிகாரி பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டாம் பிழை வெளிப்படுவதே இல்லை. நடைபெறாத ஓர் ஆய்வால் பிறவி ஊனத்துடன் பிறந்த குழந்தைக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை. ஆகவே, தனித்தனி அதிகாரியும் தனித்தனிப் பல்கலைக் கழகமும் தமக்குப் பாதுகாப்பானதைத் தேர்ந்தெடுக்க, நாடு முழுவதற்கும் நேரும் இழப்பு வளர்ந்துகொண்டே செல்கிறது.

இச்சாய்வைத் திருத்த வல்லது விதியின் தெளிவே. கனடா 2024-ம் ஆண்டு ஜனவரியில் வெளியிட்ட கொள்கை இதற்கு நல்ல உதாரணம். நுண்ணுணர்வுடைய தொழில்நுட்பத் துறைகளின் பட்டியலையும், கவலைக்குரிய 103 நிறுவனங்களின் பட்டியலையும் அந்நாடு பகிரங்கமாக வெளியிட்டது. இரண்டும் ஒருங்கே பொருந்தும் ஆய்வுகளுக்கு மட்டுமே கூட்டாட்சி மானியம் மறுக்கப்படும். பட்டியலின் உள்ளடக்கம் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் விண்ணப்பிக்கும் முன்பே தன் நிலையை ஆராய்ச்சியாளர் அறிந்துகொள்ள முடிகிறது.

இந்தியாவுக்கு உரியவை

இந்தியாவுக்கும் இக்கேள்வி அந்நியமன்று. வேலூர் தொழில்நுட்ப நிறுவனத்திலும் மும்பைப் பல்கலைக் கழகத்திலும் கன்பூசியஸ் நிலையங்கள் இயங்கின. 2020-ம் ஆண்டில் இத்தகைய ஏற்பாடுகளை மத்திய கல்வி அமைச்சகம் மறுஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. 2021-ம் ஆண்டு ஜனவரியில், நாட்டின் பாதுகாப்பு, எல்லை முதலிய பொருள்கள் பற்றிய இணையவழிச் சர்வதேசக் கருத்தரங்குகளுக்கு முன்அனுமதி வேண்டும் என்ற நெறிமுறை வெளிவந்தது. விதியின் எல்லை மிக விரிந்தது என விஞ்ஞானக் கழகங்கள் எடுத்துரைத்தன; அடுத்த மாதமே அந்நெறிமுறை விலக்கிக்கொள்ளப்பட்டது.

அமெரிக்க அனுபவத்திலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். முதலாவது, அயல்நாட்டு நிதியையும் பதவியையும் மறைக்காமல் தெரிவிக்கச் செய்வதே அடிப்படைத் தேவை. மறைத்தவரையும், விதி தெளிவில்லாததால் தவறியவரையும் ஒன்றாக நடத்தலாகாது. இரண்டாவது, தடை செய்யும் துறைகளைக் குறுக்கிப் பெயர் குறிப்பிட்டு வெளியிட வேண்டும். விலக்களிக்கும் வழியும் மேல்முறையீடும் அதில் இடம்பெற வேண்டும். மூன்றாவது, தடுக்கப்பட்ட ஆய்வுகள் எவை, அவற்றால் இழந்தது என்ன என்பதைக் குறிப்பிட்ட காலந்தோறும் கணக்கெடுக்க வேண்டும். கசிவைக் கணக்கிடும் அரசு இழப்பையும் கணக்கிட்டால்தான் தராசின் இரு தட்டுகளும் நிறைவு பெறும்.