ரண சிகிச்சையும் குடலின் காப்பும்

வயிற்றைத் திறந்து செய்யும் ரண சிகிச்சையில், மருத்துவர் குடலை வெட்டாவிடினும் அதனை ஒதுக்கவும் தூக்கவும் நேர்கிறது. இவ்வளவு தொடுதலே குடலுக்குத் தீங்கு பயக்குமா என்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சியாளர் எலிகளில் சோதித்து, 1999-ல் முடிவுகளை வெளியிட்டனர். எலியின் வயிற்றைத் திறந்து, குடலைக் கையாண்டு, பின்னர் அதன் உட்சுவர் ஆராயப்பட்டது. ஒரு மணி நேர அளவில் சேதம் உச்சத்தை எட்டியது. 24 மணி நேரத்தில் சீரடைந்தது.

இச்சேதத்தில் பெரும் பங்கு சாந்தின் ஆக்ஸிடேஸ் என்னும் நொதியினுடையது. திசு துன்புறும்போது இது மிகுந்து செயற்பட்டு, பிராணவாயுவை நிலையற்ற மூலக்கூறுகளாக மாற்றுகிறது. அவை உயிரணுவின் கொழுப்புச் சவ்வைத் தாக்குகின்றன. இரும்பில் துரு ஏறுவதை மாணவர்க்கு உவமையாகக் கூறலாம்; ஆயினும் துரு பல நாள் வேலை, இதுவோ நிமிடக் கணக்கில் நிகழ்வது. உட்சுவர் தளர்ந்தால், குடலுக்குள் அடங்கியிருக்கவேண்டிய பாக்டீரியாக்களும் அவற்றின் நஞ்சும் இரத்தத்திற் புக வழி ஏற்படுகிறது. நோயாளிக்கு உண்மையான அபாயம் இதுவே. அந்நொதியைத் தடுக்கும் அல்லோபூரினால் என்னும் மருந்தை முன்னதாகப் பெற்ற எலிகளில் சேதம் குறைந்தது.

அவ்வாறாயின் மூலிகைகள் உதவுமா? பாலக்காட்டுப் பரம்பிக்குளத்திலும், இடுக்கியின் சின்னாற்றுக் காடுகளிலும் நெல்லி இயல்பாக வளர்கிறது. அதன் கனியில் வைட்டமின் சி-யும் துவர்ப்புப் பொருள்களும் மிகுதி. மஞ்சளில் குர்குமின் உண்டு. இது இரத்தத்திற் சேர்வது மிகக் குறைவு, பெரும்பகுதி குடலிலேயே தங்கும். சோதனைக் குழாயிலும் விலங்குகளிலும் இவை அம்மூலக்கூறுகளைத் தணிக்கின்றன. ஆனால் ரண சிகிச்சைக்கு முன் இவற்றை உட்கொண்ட மனிதரின் குடல் காக்கப்படும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. எலிக்குப் பொருந்தியது மனிதருக்கும் பொருந்தும் என அவசரப்பட்டு முடிவு கட்டுதல் தகாது.

இதற்கு மறுபுறமும் உண்டு. பூண்டும், செறிவாக்கப்பட்ட மஞ்சள் மருந்துகளும் இரத்தம் உறைவதைத் தாமதிக்கச் செய்யலாம். எனவேதான் அமெரிக்க மயக்க மருத்துவர் சங்கம், ரண சிகிச்சைக்கு இரு வாரம் முன்னரே மூலிகை மருந்துகளை நிறுத்துமாறு அறிவுறுத்தியது. மறையூரிலிருந்து மலையிறங்கி உடுமலைக்குச் சிகிச்சைக்குச் செல்வோரிடம், "மருந்து ஏதேனும் சாப்பிடுகிறீர்களா?" என்று மட்டும் வினவினால் போதாது. கஷாயத்தையும் பொடியையும் பலர் மருந்தாகவே எண்ணுவதில்லை. ஆகவே களப்பணியாளர் அவற்றின் பெயரைச் சொல்லிக் கேட்டு, மருத்துவச் சீட்டிற் குறித்தனுப்புதல் நலம். மயக்கம் கொடுப்பதற்கு முன் தெளிந்த நீரைப் பொதுவாக இரண்டு மணி நேரம் வரை அருந்தலாம்; சக்கையுள்ள நெல்லிச் சாறு அவ்வகையிற் சேராது.