இரண்டு அலுவலக சர்வர்களை இணைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் தலைமை அலுவலகம், சென்னையில் கிளை. இரண்டிலும் ஒரு சர்வர். சாயங்காலம் ஆனால் சென்னையின் ஸ்டாக் கணக்கு எக்செல் கோப்பாக மெயிலில் வரும். அதைத் திருப்பூரில் மறுபடி உட்கார்ந்து ஏற்றுவார்கள். இரண்டு சர்வர்களும் நேராகப் பேசிக்கொண்டால் இந்த இரட்டை வேலை ஒழியும். நெட்வொர்க் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு வெள்ளைத்தாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். வாருங்கள், வரிசையாகப் போவோம்.

என்ன செய்யப் போகிறோம்?

இருக்கிற இன்டர்நெட் வழியாகவே, வெளியார் படிக்க முடியாத ஒரு தனிப்பாதை போடுகிறோம். இதுதான் விபிஎன். இதற்கு நாம் எடுத்துக்கொள்வது வயர்கார்டு என்ற இலவச மென்பொருள். 2020 முதல் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது, விண்டோஸிலும் ஓடும்.

எவ்வளவு செலவு?

மென்பொருளுக்கு ஒரு பைசா இல்லை. செலவு ஸ்டேடிக் ஐபிக்குத்தான், அதாவது மாறாத இன்டர்நெட் முகவரிக்கு. அதுவும் ஒரு முனைக்குப் போதும். நாம் திருப்பூருக்கு வாங்குவோம். கட்டணம் மாதத்துக்கா வருடத்துக்கா, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று இன்டர்நெட் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்லோடு வேகத்தையும் கேளுங்கள். 40 எம்பிபிஎஸ் இருந்தால் 100 எம்பி கோப்பு போய்ச் சேர 20 நொடியாவது ஆகும்.

படி 1: தாளில் எழுதுவோம்

தாளின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் திருப்பூர், வலப்பக்கம் சென்னை. அந்தந்த அலுவலகத்தின் ஐபி வரிசையை எழுதுங்கள். பல ரூட்டர்கள் 192.168.1 என்ற வரிசையோடுதான் வருகின்றன. இரண்டு பக்கமும் அதுவே இருந்தால் ஒரு பக்கத்தை மாற்றியாக வேண்டும். இன்று சர்வர்கள் மட்டும் பேசினால் போதும் என்று தோன்றும். நாளை கிளையின் பில்லிங் கணினிகளையும் சேர்க்கும்போது முகவரிகள் மோதும். சென்னைக்கு 192.168.20 கொடுப்போம். பிரிண்டருக்குக் கையால் கொடுத்த ஐபி இருந்தால் அதையும் அப்போதே மாற்றுங்கள்.

தனிப்பாதைக்கென்று தனி முகவரி: திருப்பூர் 10.10.10.1, சென்னை 10.10.10.2.

படி 2: சாவிகள்

இரண்டு சர்வரிலும் வயர்கார்டை நிறுவி, புதிய டனல் ஒன்றைத் திறந்தால் இரண்டு சாவிகள் உருவாகும். பப்ளிக் சாவியை வாட்ஸ்அப்பில்கூட அனுப்பலாம். பிரைவேட் சாவி அந்தக் கணினியை விட்டு எங்கும் போகக் கூடாது. திருப்பூரில் சென்னையின் பப்ளிக் சாவியையும் 10.10.10.2 என்ற முகவரியையும் பதிவோம். சென்னையில் திருப்பூருடைய பப்ளிக் சாவி, 10.10.10.1, கூடவே ஸ்டேடிக் ஐபி, 51820 என்ற போர்ட்; இதே போர்ட்டைத் திருப்பூர் வயர்கார்டிலும் பதிவோம்.

படி 3: கதவைத் திறப்போம்

திருப்பூர் ரூட்டரில் யுடிபி 51820 என்ற போர்ட்டை அங்குள்ள சர்வருக்குத் திருப்பிவிடுங்கள். சர்வரின் ஃபயர்வாலிலும் அதற்கு அனுமதி கொடுங்கள். சென்னையில் 'கீப்அலைவ்' என்ற இடத்தில் 25 என்று எழுதுங்கள். 25 நொடிக்கு ஒருமுறை சென்னை குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும், பாதை மூடாது.

படி 4: சோதிப்போம்

முதலில் வயர்கார்டில் 'ஹேண்ட்ஷேக்' நேரம், அதாவது இரண்டு முனையும் கடைசியாகக் கைகுலுக்கிய நேரம், தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டால் போர்ட்டையோ சாவியையோ சரிபார்ப்போம். தெரிந்தும் மறுமுனை முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போகவில்லை என்றால் எதிர்ப்பக்க ஃபயர்வால் தடுக்கிறதா, முகவரியில் பிழையா என்று பார்ப்போம். பிங் வந்த பிறகு ஒரு சிறிய கோப்பு. அதுவும் போன பிறகுதான் கணக்கு மென்பொருள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பிழை எந்தப் படியில் என்று இதுதான் காட்டிக்கொடுக்கும்.

எச்சரிக்கை

ரிமோட் டெஸ்க்டாப்புக்காக முன்பு 3389 போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்திருந்தால் இன்றே மூடுங்கள். இனி அதுவும் தனிப்பாதை வழியாகவே போகட்டும்.

ஒரு பக்கம் ரான்சம்வேர் புகுந்தால் இந்தப் பாதை வழியாக மறுபக்கமும் வரலாம். தேவையான போர்ட்டுகளை மட்டும் அனுமதியுங்கள். பேக்கப்பைச் சர்வரோடு இணைக்காத ஒரு டிஸ்க்கில் வையுங்கள்.

கடிகாரத்தையும் பாருங்கள். ஒருமுறை மின்வெட்டுக்குப் பிறகு கிளை சர்வர் இணையவே இல்லை. சாவி, போர்ட் எல்லாம் சரி. அரைநாள் தேடிய பிறகு திரையின் மூலையைப் பார்த்தேன்; தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது. மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருந்தது. பழைய நேரத்தோடு வரும் அழைப்பை வயர்கார்டு ஏற்காது. காசு அளவு பேட்டரி ஒன்றை மாற்றி, நேரத்தைச் சரிசெய்ததும் பாதை திறந்துகொண்டது. அன்று முதல், எழுதிய தாளின் அடியில் பேட்டரி மாற்றிய தேதியையும் குறித்து, சர்வர் ரேக்கின் கதவு உட்புறம் ஒட்டிவிடுகிறேன். நீங்களும் ஒட்டுங்கள்.