முன்னால் ஓடியவர் விட்டுப்போன திசை

கண்ணு, அசெம்பிளி பழக உட்கார்ந்துவிட்டாய் என்று கேட்டதில் மனம் நிறைந்தது. x86-இல் ஒரே ஒரு பிட்டைப் பற்றி இன்று சொல்கிறேன்.

1. கேட்காமல் எதையும் நம்பாதே. 1978-இல் வந்த 8086 முதல் இன்றுவரை டைரக்‌ஷன் ஃப்ளாக் இருக்கிறது. அது 0 என்றால் ‘ரெப் மூவ்ஸ்பி’ மெமரியில் முன்னோக்கி நகலெடுக்கும். 1 என்றால் பின்னோக்கி. கட்டளையை எழுதுவது நீ, திசையை வைத்துவிட்டுப் போனது உனக்கு முன்னால் ஓடிய யாரோ. 512 பைட்டுக்குள் பூட் செக்டர் எழுதினாலும் ஃப்ளாக்கை 0 ஆக்கும் ‘சிஎல்டி’க்கு ஒரு பைட் ஒதுக்கு. அதில் சிக்கனம் வேண்டாம்.

2. மாற்றியதைத் திருப்பி வை. மூலமும் இலக்கும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது கடைசியிலிருந்து நகலெடுக்க, ஃப்ளாக்கை 1 ஆக்கும் ‘எஸ்டிடி’ தேவைப்படலாம். வேலை முடிந்ததும் ‘சிஎல்டி’ போட்டுவிட்டு வெளியே வா. இரவல் அரிவாளைக் கழுவித்தானே கொடுப்போம்?

3. ஏட்டில் இருப்பது நடப்பிலும் இருக்கிறதா என்று பார். இதை நிதானமாகக் கேள். ஃபங்ஷனுக்குள் நுழையும்போது இந்த ஃப்ளாக் 0-ஆக இருக்கும் என்பது, ஃபங்ஷன்களை அழைக்கும் விதிகளைச் சொல்லும் சிஸ்டம் வி ஏபிஐயின் வாக்கு. அதை நம்பி, 2008 மார்ச்சில் வந்த ஜிசிசி 4.3 கம்பைலர், தான் வழக்கமாகச் சேர்த்துவந்த ‘சிஎல்டி’யை நிறுத்தியது. லினக்ஸ் கெர்னலோ சிக்னல் ஹேண்ட்லரை அழைக்கும்போது ஃப்ளாக்கைத் துடைக்காமல் விட்டுவந்தது. பின்னோக்கி நகலெடுக்கும் ‘மெம்மூவ்’ நடுவே சிக்னல் வந்தால், ஹேண்ட்லரும் அதே பின்திசையில் எழுதி, சம்பந்தமில்லாத மெமரியை அழித்துவிடக்கூடும். கம்பைலரின் தயவில் நெடுநாள் மறைந்திருந்த குறை அது. ஏட்டின்படி ஜிசிசி சரிதான், திருத்தியதும் கெர்னலைத்தான். ஆனாலும் அதோடு நின்றுவிடாதே. திருத்தாத பழைய கெர்னல்கள் எத்தனையோ மெஷின்களில் ஓடிக்கொண்டிருந்தன. யார் பக்கம் நியாயம் என்பதைவிட, யாருடைய தரவு பாழாகும் என்பதை முதலில் நினைக்கிற மனசு உனக்கு வேண்டும்.

4. இன்டரப்ட் ஹேண்ட்லர் எழுதினால், ‘மூவ்ஸ்பி’ போன்ற முதல் ஸ்ட்ரிங் கட்டளைக்கு முன்பே ‘சிஎல்டி’ போடு. ப்ராசஸர் உனக்காக அதைச் செய்யாது.

5. வெறுமையையும் மதி. இது வேறொரு ஃப்ளாக்கைப் பற்றியது, பாடம் அதேதான். இரண்டு சரங்களை ஒப்பிடும் ‘ரெப்பி சிஎம்பிஎஸ்பி’ ஓடும்போது, நீளத்தை வைத்திருக்கும் சிஎக்ஸ் 0 என்றால் ஓர் ஒப்பீடும் நடக்காது, ஜீரோ ஃப்ளாக் பழையபடியே கிடக்கும். அதைப் பார்த்து ‘இரண்டும் ஒன்றே’ என்றோ ‘வேறு’ என்றோ உன் நிரல் தீர்ப்புச் சொல்லிவிடும். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் எந்த ரூட்டீனைக் கையில் கொடுத்தாலும் நீளம் 0 வைத்துத்தான் முதலில் ஓட்டிப் பார்ப்பாள். அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொள். ஒப்பீட்டுக்கு முன்னால் ‘டெஸ்ட் சிஎக்ஸ், சிஎக்ஸ்’ போடு. நீளம் 0 ஆனால் ஜீரோ ஃப்ளாக் 1 ஆகிவிடும், இரண்டு வெற்றுச் சரங்களும் சமம் என்ற சரியான விடை வரும்.