'யெஸ்' என்றால் 'ஓம்' தானா?

"டிடின்ட் யூ டூ த ஹோம்வேர்க்?" என்று ஆங்கில ஆசிரியை கேட்கிறார். வீட்டுவேலை செய்யாத மாணவி "யெஸ் மிஸ்" என்கிறாள். கொப்பியைத் திறந்தால் பக்கம் வெறுமை. பொய் சொல்கிறாள் என்று ஆசிரியைக்குக் கோபம் வருகிறது.

அவள் பொய் சொல்லாமலும் இருக்கலாம். "வீட்டுவேலை செய்யல்லயா?" என்று தமிழில் கேட்டால், "ஓம் மிஸ், செய்யல்ல" என்று நாம் பதில் சொல்வதுண்டு. நீங்கள் சொல்வது சரி என்பதே அந்த 'ஓம்'. ஆங்கில 'யெஸ்' அப்படியல்ல. கேள்வி எந்த வடிவில் வந்தாலும் செய்திருந்தால் 'யெஸ்', செய்யாவிட்டால் 'நோ'. இது மனதில் படியும்வரை, கற்பவரிடம் "டிட் யூ டூ இட்?" என்று நேராகக் கேட்பதே நியாயம்.

இன்னொரு கேள்வி, "விளங்கியதா?" என்பது. நாற்பது பேர் முன்னிலையில் விளங்கவில்லை என்று சொல்ல எந்தப் பிள்ளைக்குத் துணிவு வரும்? "ஐ யூஸ்ட் டு லிவ் இன் கண்டி" என்ற வசனத்தைப் படிப்பித்துவிட்டு, "நான் இப்போதும் கண்டியிலா இருக்கிறேன்?" என்று கேட்டுப் பாருங்கள். விளங்கியவள் யார், தலையாட்டியவள் யார் என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

கேட்டபின் பொறுத்திருக்கவும் வேண்டும். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ, ஆரம்ப வகுப்பு விஞ்ஞானப் பாடங்களை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து, 1974இல் முடிவுகளை வெளியிட்டார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருந்தது சராசரியாக 1 வினாடி அளவுதான். அதை 3 வினாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன. பதிலின்றி மௌனமாக இருப்பதும் குறைந்தது. அவை விஞ்ஞான வகுப்புகள். அந்நிய மொழி கற்பவளோ கேள்வியைத் தமிழாக்கி, பதிலைத் தமிழில் யோசித்து, வினைச்சொல்லை வசனத்தின் முடிவிலிருந்து நடுவுக்கு நகர்த்தி, அதன்பிறகே வாய் திறக்கிறாள். அதற்குள் "நெக்ஸ்ட்!" என்று அடுத்தவளைக் காட்டிவிடுகிறோம்.

குரலை உயர்த்துவதாலும் பயனில்லை. அவளுக்குக் காது கேட்கிறது, சொல்தான் பிடிபடவில்லை. 'புட் ஓஃப்' எளிய ஆங்கிலம் என்று நினைக்கிறோம். 'புட்' தெரியும், 'ஓஃப்' தெரியும். இரண்டும் சேர்ந்தால் ஒத்திப்போடுவது என்று யார் கண்டார்? நீளமான 'போஸ்ட்போன்' அவளுக்கு இலகு. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மகள் "ஷீ கோ டு ஸ்கூல்" என்றால் உடனே "பிழை!" என்று மறிக்காதீர்கள். "ஓ, ஷீ கோஸ் டு ஸ்கூல்? வெயார்?" என்று பேச்சைத் தொடருங்கள். திருத்தமும் கிடைக்கும், கதையும் அறுந்துபோகாது. ஆங்கிலம் தெரியாத உம்மா, இன்று படித்ததைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்கலாம். அவள் எந்த இடத்தில் தடுமாறுகிறாளோ, அந்த இடத்தை மறுநாள் ஆசிரியையிடம் கேட்டு வரச் சொன்னால் போதும்.