மைனஸ் 40 சொல்லும் சேதி

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள காரில் ஸ்கேனரைச் செருகியதும் பி0712 அல்லது பி0713 என்று ஒரு கோடு வருகிறது. பக்கத்திலேயே 'டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட் டெம்பரேச்சர் சென்சார் சர்க்யூட்' என்ற விளக்கம். சென்சார் என்ற சொல் கண்ணில் பட்டவுடன் புதுச் சென்சாருக்கு ஆர்டர் போய்விடுகிறது. அதற்கு அடுத்து நிற்கும் சர்க்யூட் என்ற சொல்லைப் பலர் பொருட்படுத்துவதில்லை. கோடு கைகாட்டுவது சென்சாரை மட்டுமல்ல. அதற்குப் போய்வரும் இரண்டு ஒயர்கள், கப்ளர், எர்த், கியர்பாக்ஸை ஆளும் கம்ப்யூட்டர் ஆகிய எல்லாமே அந்தச் சொல்லுக்குள் அடக்கம். இவற்றில் எது கெட்டது என்று உறுதி செய்யாமல் கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றக்கூடாது என்பது என் கட்சி.

உறுதி செய்வது கடினமல்ல. சென்சார் என்பது ஒரு தெர்மிஸ்டர். ஆயில் சூடாக ஆக அதன் ரெசிஸ்டன்ஸ் குறையும். கம்ப்யூட்டர் தனக்குள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் அனுப்புகிறது. சென்சார் அதை எவ்வளவு கீழே இழுக்கிறது என்பதை வைத்து ஆயிலின் சூட்டைக் கணக்கிடுகிறது. ஒயர் அறுந்துபோனால் இழுக்க ஆளில்லை. 5 வோல்ட் ஏறக்குறைய அப்படியே நிற்கும். கம்ப்யூட்டர் அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொள்ள, பெரும்பாலான வண்டிகளில் ஸ்கேனர் மைனஸ் 40 டிகிரி காட்டும். செல்சியஸிலும் ஃபாரன்ஹீட்டிலும் அந்த ஒரு புள்ளி ஒன்றுதான் என்பதால் அலகு பற்றிய குழப்பமும் இல்லை. ஊட்டியில் உறைபனி படரும் விடியலில்கூட வராத குளிர் அது. மாறாக, சிக்னல் ஒயர் எர்த்தில் பட்டுவிட்டால் வோல்டேஜ் பூஜ்யத்துக்கு இறங்கி, ஸ்கேனர் நம்ப முடியாத சூட்டைக் காட்டும். அறுந்தது 0713, எர்த் ஆனது 0712.

இந்த இரண்டு நிலைகளையும் நாமே கையால் உண்டாக்கிப் பார்ப்பதுதான் சோதனை. சூடு அதிகமாகக் காட்டினால் கியர்பாக்ஸின் வெளியே உள்ள கப்ளரைக் கழற்றுங்கள். உடனே மைனஸ் 40-க்கு இறங்கினால் ஒயரும் கம்ப்யூட்டரும் சரி, கோளாறு உள்ளே இருக்கிறது. சூடு அப்படியே நின்றால் ஒயர் எங்கோ உரசி எர்த் ஆகியிருக்கிறது, இல்லாவிட்டால் கம்ப்யூட்டரில் பழுது. முதலிலேயே மைனஸ் 40 காட்டும் வண்டியில், ஒயரிங் பக்கக் கப்ளரில் சென்சாருக்குரிய இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள். எண் சட்டென்று உச்சத்துக்கு ஏறினால் ஒயருக்கும் கம்ப்யூட்டருக்கும் பழி இல்லை. அதே கப்ளரில் சோலனாய்டு ஒயர்களும் வரும். ஆகவே அந்த வண்டியின் ஒயரிங் படம் கையில் இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம். சென்சார் சர்க்யூட்டில் கரன்ட்டை உள் ரெசிஸ்டர் கட்டுப்படுத்துகிறது, அதனால் ஆபத்தில்லை. ஆனால் தவறான முனையைத் தொட்டால் கம்ப்யூட்டரே எரியலாம்.

"சென்சார் விலை குறைவுதானே, மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்" என்பார்கள். வெளியிலிருந்து திருகிப் பொருத்திய சென்சாருக்கு இந்த வாதம் ஓரளவு செல்லும். ஆனால் பல கியர்பாக்ஸ்களில் சென்சார் உள்ளே, ஆயிலில் மூழ்கிக் கிடக்கிறது. சிலவற்றில் உள் ஒயரிங்கோடு சேர்ந்துதான் கிடைக்கும். ஆயில், ஃபில்டர், கேஸ்கெட், கூலி என்று செலவு பெருகிய பிறகும் கப்ளரில் பிடித்த களிம்பு அப்படியே இருக்கும், கோடும் திரும்பி வரும்.

"மல்டிமீட்டரில் ஓம் பார்த்தோம், சரியாக இருந்தது" என்பது இதைவிட வலுவான மறுப்பு. எந்தச் சூட்டில் பார்த்தார்கள் என்று நான் கேட்பேன். ஓம் அளவு வண்டிக்கு வண்டி மாறும், ஆனால் குளிர்ந்த ஆயிலில் ஆயிரக்கணக்கிலும் சூட்டில் சில நூறிலும் இருப்பது வழக்கம். களிம்பு பிடித்த முனை 100 ஓம் கூட்டுகிறது என்று வையுங்கள். 3,000 ஓமில் அது தெரியவே தெரியாது. 200 ஓமில் பாதிக்குப் பாதி பிழை. அதிலும் அந்தப் பிழை ஆயில் உண்மையைவிடக் குளிர்ச்சியாக இருப்பதாகக் காட்டும், சூடேறிய கியர்பாக்ஸைக் கம்ப்யூட்டரிடமிருந்து மறைத்துவிடும். அதனால் குளிரில் ஒருமுறை, ஓடிச் சூடானபின் ஒருமுறை என இரண்டு வேளையும் அளக்க வேண்டும். ஓடும்போது ஒயரை அசைத்துப் பார்க்கவும் வேண்டும். இரவெல்லாம் நின்ற வண்டியில் காலையில் ஆயில், கூலன்ட், உள்ளிழுக்கும் காற்று ஆகிய மூன்றின் எண்களும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஆயில் மட்டும் தனித்து நின்றால் சந்தேகம் நியாயமானது. வண்டி ஓடியும் எண் நகராதபோது வரும் பி0711-க்கும் இந்த ஒப்பீடே வழி.

எண் விசித்திரமாக இருந்தாலே பழுது என்றும் எண்ண வேண்டாம். மெர்சிடஸின் 722.6 என்னும் ஐந்து கியர் பெட்டியில், கியர் பார்க்கிலும் நியூட்ரலிலும் இருப்பதை அறியும் ஸ்விட்ச்சோடு சென்சாரைத் தொடராக இணைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு நிலைகளிலும் சர்க்யூட் திறந்துதான் இருக்கும். பிரேக்கை மிதித்து டிரைவில் போட்டால்தான் உண்மையான எண் வரும். அதேபோல, ஆயில் அளவு மீறிச் சூடாகிவிட்டது என்று சொல்லும் பி0218 வந்தால், அது நிஜமாகவே கொதிக்கிறது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆயில் அளவையும் கூலரையும் பார்க்காமல் சென்சாரைக் குறை சொல்வது கியர்பாக்ஸையே பலி கொடுப்பதில் முடியலாம்.

சென்சாரை மாற்றச் சம்மதிக்கும் முன் மெக்கானிக்கிடம் ஒன்று கேளுங்கள்: கப்ளரைக் கழற்றியபோது ஸ்கேனர் எத்தனை டிகிரி காட்டியது? பதில் இல்லையென்றால், கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.