எதிர்வழக்குரையில் விட்டுப்போனதைச் சேர்க்க

ஓசூர் சிப்காட் பக்கம் நில வழக்கில் பிரதிவாதியாக நிற்கிறீர்கள். எதிர்வழக்குரை தாக்கல் செய்த பிறகு தாத்தா காலத்துப் பத்திரம் பீரோவில் கிடைக்கிறது. பதறாதீர்கள், தள்ளியும் போடாதீர்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 8, விதி 9-ன் கீழ் கூடுதல் எதிர்வழக்குரைக்கு நீதிமன்றத்தின் அனுமதி கேட்கலாம்.

மனுவோடு தரும் பிரமாணப் பத்திரம்தான் உயிர். பத்திரம் எங்கே, எப்போது கிடைத்தது, முன்பே ஏன் சொல்லவில்லை என்பதைத் தேதியோடு எழுதுங்கள். ‘கவனக்குறைவு’ என்று ஒற்றை வரியில் முடித்தால் எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார். முதலில் ஒப்புக்கொண்டதை இப்போது மறுப்பதற்குக் கூடுதல் எதிர்வழக்குரை வழியல்ல. விசாரணை தொடங்கும் முன்பே மனுவைப் போட்டுவிடுவது நல்லது.

பத்திரத்தைத் தாக்கல் செய்ய அதே கட்டளை 8, விதி 1ஏ(3)-ன் கீழ் தனியாக அனுமதி வேண்டும். எல்லைப் பகுதி என்பதால் பத்திரம் கன்னடத்திலோ தெலுங்கிலோ இருக்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பையும் சேர்த்தே கொடுங்கள்.

விசாரணை முடிந்து எழுத்துபூர்வ வாதம் தருவது வேறு. கட்டளை 18, விதி 2-ன்படி, வாய்மொழி வாதம் முடிவதற்குள் அனுமதி பெற்று, தலைப்பு வாரியாகச் சுருக்கமாகத் தர வேண்டும்; எதிர்த்தரப்புக்கும் அதே நேரத்தில் நகல் போக வேண்டும். புதிய சங்கதியை அதில் நுழைக்க முடியாது.